கரையான் தின்னாத குழாய்கள்

எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடத்தில் தவறியவன் நான். அதன் பிறகு எழுதியதெல்லாம் மூட்டையில் கட்டும் அட்டையும் கல்யாணப் பத்திரிகை உறைமேல் முகவரியும்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் பத்துப் பேர் படிக்கும்படி ஒன்றை எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு நினைவு மலர் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்துச் சபைக்காரர்கள் தங்கள் சர்ச்சின் வரலாற்றை அதில் போட்டிருக்கிறார்கள். பழைய கட்டடத்தில் இருந்த பைப் ஆர்கனைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. கவனிக்க ஆளில்லாமல் கரையான் தின்றுவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மரப் பாகங்களைக் கரையான் தின்றது உண்மை. உள்ளே இருந்த ஈயக் குழாய்களைக் கரையான் தின்னவில்லை. அவற்றை எடுத்தவன் நான். அதற்கான விலையைக் கொடுத்தவள் என் அக்கா. அக்கா இந்தத் தை மாதம் இறந்துவிட்டாள். இனி நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு எழுத வேண்டியதில்லை.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் பஸ்ஸில் வந்து, ஏரிக்கரை திரும்பும் இடத்தில் இறங்கினால் அந்தக் கட்டடம் தெரியும். வெள்ளைக்காரப் பாதிரிமார் கருங்கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டியது. ஒரு காலத்தில் சுற்றுவட்டத்து ஜனம் முழுக்க அங்கே கூடியிருக்கிறது. பிறகு பிழைப்புக்காகச் செங்கல்பட்டுக்கும் மெட்ராஸுக்கும் ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களால் அவ்வளவு பெரிய கூரையைப் பழுது பார்க்க முடியவில்லை. காலனிக்குப் பக்கத்தில் சீட்டுக் கூரை போட்டுச் சின்னதாக ஒரு சர்ச் கட்டிக்கொண்டு, சிலுவையையும் மணியையும் அங்கே எடுத்துப் போனார்கள். பழைய கட்டடத்தை விவசாயிகள் சங்கத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். பெஞ்சுகள் இருந்த இடத்தில் யூரியா மூட்டை வந்தது. பீடம் இருந்த இடத்தில் தராசு வந்தது. ஊரில் அதற்குச் சர்ச் குடோன் என்று பெயர். எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் கழித்து நான் அங்கே குடோன் ஆளாகச் சேர்ந்தேன். திறப்பது, அடுக்குவது, எடை போடுவது, பூட்டுவது.

பீடத்துக்கு இடது பக்கம் ஒரு வளைவுக்குள் ஆர்கன் நின்றது. புதுச் சர்ச்சின் கதவில் அது நுழையாது என்பதால் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் பத்தொன்பது குழாய்கள். நீலமும் பொன்னிறமும் அடித்து இலை கொடி எழுதியிருக்கும். அவை வெறும் தகடு, பார்வைக்கு வைத்தவை. பக்கத்தில் ஒரு பலகைக் கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே ஈய நிறத்தில் நிஜக் குழாய்கள், பென்சில் அளவிலிருந்து ஆள் உயரம் வரை, கம்பங்கொல்லை மாதிரி நெருக்கமாக நிற்கும். சத்தம் அங்கிருந்துதான் வரும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒரு பெரியவர். சர்ச் சர்ச்சாக இருந்தபோது மணி அடித்ததும், ஆர்கனுக்குத் துருத்தி போட்டதும் அவர்தான். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பாட்டு பாதியில் செத்துப்போகும். கட்டடம் குடோன் ஆன பிறகும் சனிக்கிழமைதோறும் ஒரு துணியோடு வந்து யூரியாத் தூசியைத் துடைத்துவிட்டுப் போவார். அவரை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆர்கன் சீமையிலிருந்து கப்பலில் மெட்ராஸ் வந்து, ரயிலில் பழையசீவரம் வந்து, அங்கே வண்டிகளில் ஏற்றிப் பாலாற்றைக் கடந்ததாம். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போது திருமுக்கூடல் பக்கம் இறக்கியிருக்கிறார்கள். நடு ஆற்றில் ஒரு வண்டி அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் பெரியவருடைய அப்பாவும் ஒருவர். அன்றைக்கு ஒரு பெரிய குழாய் நசுங்கியது. அந்த நசுங்கலைத் தடவிக் காட்டுவார்.

"எங்க நைனா தோளு பட்ட எடம் இது. சீமையில செஞ்சது பாதி, எங்க நைனா செஞ்சது மீதி."

முதலில் பாதிரித் துரையின் மனைவி வாசித்தார்களாம். அவர்களுக்குப் பிறகு ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர். அதன் பிறகு வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. நர்சம்மா காலத்தில் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை விரலால் அழுத்தும் கட்டை ஒன்று ஈரத்தில் ஊறி, அழுத்தியது அழுத்தியபடியே ஒட்டிக்கொண்டதாம். பாதிரியார், அவர்கள் வாயில் ஐயர், பிரசங்கத்துக்கு எழுந்துவிட்டார். ஆர்கன் ஒரே ஸ்வரத்தில் ஊதிக்கொண்டே இருக்கிறது.

"ஐயரும் நிறுத்தல, அதுவும் நிறுத்தல" என்பார் பெரியவர். "நான் துருத்திய வுட்டுட்டாலும் உள்ள இருக்கற காத்து தீர்ற வரைக்கும் கத்திக்கினேதான் இருந்துது. அன்னைக்கிதான் ஜனங்க தூங்காம பிரசங்கம் கேட்டாங்க."

நான் அதன் சத்தத்தைக் கேட்டது ஒரே ஒரு முறை. ஒரு சனிக்கிழமை அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கட்டைய அமுக்கு நைனா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அமுக்கினேன். ஏரி நிரம்பியிருக்கும்போது மதகைத் தூக்கினால், தண்ணீர் தெரிவதற்கு முன்னால் காலுக்கடியில் ஒரு முழக்கம் கேட்குமே, அப்படி இருந்தது. மூட்டைகளின் மேலிருந்த தூசி எழுந்து நின்றது. விரலை எடுத்துவிட்டேன். பெரியவர் துணியை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்கு அப்போதே முட்டி வலி. நடவு, களை, அறுப்பு எல்லாவற்றிலும் அக்காதான் நின்றாள். என்னைப் படிக்க வைத்ததும் அவள்தான். நான் தவறிப்போய் வந்தபோது, "கணக்குதான போச்சி, கையா போச்சி" என்று சோறு போட்டாள். அவளுக்கு மூன்று இடம் பேசித் தட்டிப்போனது. முதல் இடம் ஜாதகத்தில் தட்டியது. இரண்டாவது மாப்பிள்ளை வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். மூன்றாவது, நிச்சயம் ஆன வாரத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் செத்துப்போனார். ராசியில்லாத பெண் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தோரு வயதில் ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மனைவியை இழந்தவர், மூன்று காணி நிலம், பிள்ளை இல்லை. கல்யாணம் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று பேச்சு. கல்யாணத்துக்கு முந்தின பத்து நாளும் அக்கா களத்தில் முறத்தால் தூற்றும்போதுகூட வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் அதற்கு முன் அவள் பாடிக் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கென்று பொதுப் பாத்திரங்கள் உண்டு. செம்பு அண்டா மூன்று, குண்டான் நாலு. ஊர்ச் சாவடியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எடுத்துப் போகிற வீட்டுக்காரர்கள் உள்பக்கம் புதிதாக ஈயம் பூசித்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். இது ஊர்க் கட்டுப்பாடு. பூச்சு போன செம்பில் புளி கொதித்தால் களிம்பு இறங்கி ஊரே வாந்தி எடுக்கும்.

அந்த வருஷம் பார்த்து ஈயம் கிடைக்கவில்லை. உத்திரமேரூர்க் கடைகளில் கேட்டேன். காஞ்சிபுரத்துக்கே சைக்கிளில் போய்க் கேட்டேன். அடுத்த மாதம் வா என்றார்கள். பஜார் தெருக் கோடியில் புங்கமரத்தடியில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவர் குழி வெட்டி அடுப்புப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் நின்றேன்.

"நெருப்பு கீது, நவச்சாரம் கீது, நான் கீறேன். ஈயம் எங்க நைனா?" என்றார். "வூட்ல பழைய ஈயச் சொம்பு கிம்பு இருந்தா கொண்டா. உருக்கிப் பூசிடலாம்."

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஈயச் சொம்புதான். அது ஒரு குண்டானுக்குக்கூடப் போதாது. அன்றைக்கு மத்தியானம் குடோனில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அந்தப் பலகைக் கதவு என் கண்ணில் பட்டது. யோசித்தேன் என்று சொல்ல முடியாது. எழுந்து போய்த் திறந்தேன். பின்வரிசையில், கதவைத் திறந்தாலும் கண்ணில் படாத இடத்தில், ஒரு குழாயைப் பிடித்து இழுத்தேன். ஈர மண்ணிலிருந்து முள்ளங்கி வருகிற மாதிரி வந்தது. நகத்தால் கீறினால் கீறல் விழுந்தது. ஈயம்தான். எனக்குத் தெரிந்த ஈயம் ஒன்றுதான். முப்பத்தோரு குழாய்களை எடுத்து யூரியாச் சாக்கில் போட்டுக் கட்டினேன். அது இனி யாரும் வாசிக்கப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

சாக்கைக் கொட்டியதும் ஈயம் பூசுகிறவர் சிரித்துவிட்டார்.

"இன்னாப்பா, நாயனக்காரன் வூட்டுல பூந்துட்டு வந்தியா?"

"பழைய சாமான்" என்றேன்.

ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்து வளைத்தார். நல்ல ஈயத்தை வளைத்தால் உள்ளே நறநறவென்று ஒரு சத்தம் வரும். "மெதுவாத்தான் அழுவுது" என்றார். உருக்கிய பிறகு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கருப்பு ஓடுது. எங்கருந்து கொண்டாந்தே?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவரும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கல்யாண அவசரம். தேச்சா சரியாப்பூடும்" என்று பஞ்சை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஏழு பாத்திரமும் உள்ளே கண்ணாடி மாதிரி ஆயின. வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, ராத்திரி விருந்து, மறுநாள் காலை முகூர்த்தம். சாவியைக் கொடுத்துவிட்டு லீவு சொல்ல ஒன்பது மணிக்குக் குடோனுக்குப் போனேன். கிளார்க் இன்னும் வரவில்லை. வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"நைனா, மெட்ராஸ்லேர்ந்து ஆளு வர்றாரு! நாளைக்கி. ஆர்கன் ரிப்பேர் பண்றவராம். அங்க ஒரு பெரிய சர்ச்சுல கேட்டுக்கினு கீறாங்களாம். பாத்து நல்லா இருந்தா எடுத்துக்கினு போயி மறுபடி வாசிப்பாங்களாம். எங்க ஐயருக்குக் காயிதம் வந்திருக்குது. நான் எல்லாத்தையும் தொடச்சி வெக்கணும், கதவத் தொற."

திறந்தேன். பலகைக் கதவுக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டே உள்ளே உள்ளே போனார். பிறகு துடைக்கிற சத்தம் நின்றது. வெளியே வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"பின்னாடி வரிச இல்ல."

நான் சாவியை மடியில் செருகினேன்.

"பசங்கதான். அந்த ஜன்னல் கம்பி பேந்து கீதே, அந்த வழியா பூந்திருப்பானுங்க. ஊதறதுக்கு எடுத்துக்கினு பூட்டானுங்க. இல்ல?"

நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அந்தத் தலையாட்டல்தான்.

அவர் கோபப்படவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. "வாயில வெச்சி ஊதுவானுங்களே நைனா. அது நல்ல ஈயம் இல்ல. பாதிக்குப் பாதி காரீயம். ரெண்டும் கலந்து ஊத்தினாத்தான் அந்த நாதம் வரும்னு தொர சொல்லுவாரு. தொட்டா எங்கள கை கழுவச் சொல்லுவாரு. வயித்துக்குள்ள போனா கொடல முறுக்கிடும், சின்னப் பசங்களுக்கு மூளையக் கலக்கிடும்னு சொல்லுவாரு. கொழா போனா போவுது. எந்தப் பசங்கன்னு தெரியலியே. நான் வூடு வூடா போயி சொல்லிட்டு வர்றேன்."

துணியைக் கீழே போட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்குச் சத்தம் வரவில்லை.

குடோனைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. கொல்லைப்பக்கம் கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய அண்டாவில் சாம்பாருக்குப் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ராத்திரி இருநூறு பேர் சாப்பிடப் போகிறார்கள். அதில் பாதி குழந்தைகள். சமையல்காரரிடம் போனேன்.

"அண்ணே, அலுமினியப் பாத்திரத்துல பண்ணலாமா?"

"ஏன் தம்பி, கொட்டாங்குச்சில பண்ணலாமா?" என்றார். எடுபிடிகள் சிரித்தார்கள். "எரநூறு பேருக்கு அலுமினியத்துல பண்ணா அடி புடிச்சி நாறிடும். போ, போயி மாப்ள வூட்டாருக்கு வெத்தல மடி."

காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் குழாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கோவில் சொத்தைத் திருடியவன் என்றால் எந்தக் கோவிலாக இருந்தாலும் திருடன்தான். ஐயங்கார்குளத்துக்காரர்கள் திருடன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். நாலாவது இடமும் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த இருநூறு பேரும் தின்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடந்தேன். ஒவ்வொரு நடைக்கும் சாம்பாரில் ஏதோ ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தார்கள். முருங்கைக்காய் போட்டாயிற்று. பெருங்காயம் போட்டாயிற்று.

கடைசியில், "பல்லி! பல்லி வுழுந்திடுச்சி!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் எப்போதும் பேசியதில்லை.

சமையல்காரர் கரண்டியை விட்டுத் துழாவினார். "எங்க?"

"வுழுந்துச்சி. நான் பாத்தேன்."

பல்லி விழுந்த சாம்பாரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் மூங்கில் கோத்துத் தூக்கிக் குப்பைக்குழியில் கொட்டினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாண வூட்டுல பல்லியா! நீ ஏன்டா அத பாத்த? பேஜார் புடிச்சவனே!" எனக்கு உயிர் வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துச் சாம்பலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னார்.

"நல்லா பூசின அண்டா, பளபளன்னு கீது. கழுவி ஏத்து. புளியக் கரை."

மறுபடியும் அதே அண்டா அடுப்பில் ஏறியது.

ரெண்டு மணி இருக்கும், பந்தல் முனையில் பெரியவர் வந்து நின்றார். காலனிக்காரர் என்பதால் பந்தலுக்குள் வரவில்லை. வெயிலில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைகள் யாரிடமாவது ஈயக் குழாய் இருந்தால் வாங்கிப் போட்டுவிடுங்கள், அது விஷம் என்றார்.

"எங்க வூட்ல யாரு கொழலு ஊதறாங்க?" என்றார் சமையல்காரர். "நாயனக்காரனே நாளைக்கிதான் வர்றான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தாள். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "உனக்கும் அலைச்சலா நைனா? மூஞ்சி செத்து கீதே" என்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். வேகாத வெயிலில் அந்த மனிதர் இல்லாத பிள்ளைகளைத் தேடிக்கொண்டு போவதைப் பார்த்தபோது என்னால் நிற்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அக்கா உள்ளறையில் தனியாக இருந்தாள். நலங்கு முடிந்து பெண்கள் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். முகமெல்லாம் மஞ்சள். புதுப் புடவையின் முந்தானையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்கன், குழாய், ஈயம், காரீயம், பல்லி. திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

"எத்தினி பாத்திரத்துல பூசின?"

"ஏழும்."

"வேற பாத்திரம் ஊர்ல கீதா?"

"இத்தினி பேருக்கு இல்ல."

"சொன்னா உன்ன போலீசுல புடிச்சிக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

கொஞ்ச நேரம் முந்தானையையே பார்த்தாள். வெளியே குழந்தைகள் பந்தக்காலைச் சுற்றி ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏன்டா, ஒரு வார்த்தை என்ன கேட்டிருக்கலாமே. பூசாமலே சோறு ஆக்கி, ரசம் இல்லாம மோரு ஊத்தியிருப்பேனே" என்றாள். பிறகு எழுந்தாள். "நீ வாய மூடிக்கினு இரு. அது உனக்கு நல்லா வரும்."

மணப்பெண் நலங்கு முடிந்த பிறகு அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது. அவள் நேராகக் கொல்லைக்குப் போனாள். சமையல்காரர், "இன்னாம்மா, உப்பு பாக்க வந்தியா?" என்று சிரித்தார். அக்கா பெரிய அண்டாவின் விளிம்பில் கையை வைத்தாள். அடுத்த அண்டாவில் வைத்தாள். குண்டான்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். சூட்டில் கை பொறுக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏழாவதைத் தொட்ட பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, நான் வூட்டுக்குத் தூரம்."

கொல்லை அப்படியே நின்றுவிட்டது. சமையல்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எரும" என்றாள் அம்மா மெதுவாக. "என் காதுல சொல்லக் கூடாதா? ஊர்ப் பாத்திரத்த ஏன்டி தொட்ட?"

பல்லி விழுந்தால் குழம்பைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவுவார்கள். தீட்டு பட்டால் எங்கள் ஊரில் பாத்திரமும் ஒதுங்கிவிடும். நாலு நாள் கழியாமல் அதில் யாரும் பொங்க மாட்டார்கள். அக்காவுக்கு அது தெரியும். தாலி கட்டும் நாளுக்கு முதல் நாள் ஒரு பெண் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆக்கியதெல்லாம் குழிக்குப் போயிற்று. பாத்திரங்களைக் கொட்டகை ஓரமாகக் கவிழ்த்தார்கள். அவற்றைப் பிறகு நான் வெளியூருக்குக் கொண்டுபோய் அடிவரை சுரண்டி வேறு பூச்சு பூசிக் கொண்டுவந்து வைத்தேன். அது வரைக்கும் என்னால் செய்ய முடிந்தது.

நாலு மணிக்கு ஐயங்கார்குளத்து வேன் வந்தது. அவர்கள் இறங்குவதற்குள் பெண்கள் வழியாகச் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. எங்கள் அம்மா அவர்கள் காலடியில் உட்கார்ந்து, "நாலு நாளு தள்ளி வெச்சிக்கலாம்மா, இல்ல அடுத்த முகூர்த்தம் பாக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையின் மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார். "நாள் குறிக்கும்போதே வூட்ல பொம்பளைங்கள கேட்டுத்தான குறிச்சோம்? காலையில பல்லியாம், மத்தியானம் இதுவாம். மூணு எடம் தட்டின பொண்ணுன்னு ஊர்ல சொன்னாங்க. நாங்கதான் காதுல வாங்கிக்கல." பிறகு வேன் டிரைவரைப் பார்த்து, "திருப்புப்பா" என்றார்.

மாப்பிள்ளை வேனிலிருந்து இறங்கவேயில்லை. அழைப்புக்கென்று வாரிய தலையோடு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன் திரும்பும்போது பந்தலில் கட்டியிருந்த வாழை ஒன்று உரசி முறிந்தது.

அப்போதாவது நான் ஓடிப் போய் வேனை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னது என் அக்கா, செய்தது நான், அவளுக்கு ஒன்றும் இல்லை, கட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எத்தனை வார்த்தை வேண்டும் என்று பல வருஷம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு மேல் வேண்டாம். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தீட்டு என்று சொல்லிவிட்டதால் கொட்டகையில் கோணிமேல் தனியாக உட்கார வேண்டியிருந்தது. கையில் தோல் உரிந்து கொப்புளம் கட்டியிருந்தது. வெண்ணெய் கொண்டுபோனேன். "தள்ளி வெய்யி. தொடாத, பாக்கறாங்க" என்றாள். அதன் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் என் வீட்டில்தான் இருந்தாள், என் பிள்ளைகளை வளர்த்தாள். அந்தக் குழாய்களைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் எடுப்பேன் என்று பயந்து அவளும், அவள் எடுப்பாள் என்று பயந்து நானும், ஆர்கன் என்கிற சொல்லையே வீட்டில் சொல்லாமல் இருந்தோம். இதை எழுதுவதால் எதுவும் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். கரையான்மேல் போட்ட பழியையாவது எடுத்துவிடலாம் என்றுதான் எழுதினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பந்தல்காரர் வந்து கீற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். லீவு எடுத்த வேலை இல்லை என்று ஆனதால் நான் குடோனுக்குப் போய்த் திறந்தேன். பத்தரை மணிக்கு மெட்ராஸ்காரர் வந்தார். பெரியவர் கைப்பிடியை அழுத்த, அவர் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். முப்பத்தோரு கட்டைகளில் காற்று மட்டும் வந்தது. இதை எடுத்துப் போய்ப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டு, பதினொன்றரை மணி பஸ்ஸுக்குப் போனார். அதன் பிறகு ஒரு லாரி யூரியா வந்தது. இறக்கி அடுக்கினோம். இடம் போதாததால் பலகைக் கதவை ஒட்டியும் நாலு வரிசை அடுக்கினோம்.